பாரத்தை இறக்கி வைப்பது எப்படி? அன்றாட வாழ்வில் சரணாகதி: முழுமையான வழிகாட்டி

'எல்லாம் பெருமாள் பார்த்துக்கொள்வார்' என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு, இரவு 2 மணிக்கு விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக் கிடப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவர்களிடம் பக்திக்குக் குறைவில்லை. ஏகாதசி விரதம் இருக்கிறார்கள், சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறார்கள். பாரத்தை எங்கே, எப்படி இறக்கி வைப்பது என்பதைத்தான் அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. 'நம்புங்கள்' என்று அறிவுரை சொல்ல எல்லோருக்கும் தெரியும். எப்படி நம்புவது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

வைணவ மரபு அங்கே நிற்கவில்லை. சரணாகதியை, அதாவது பிரபத்தியை, ஆறு கூறுகளாகப் பிரித்துப் பாஞ்சராத்திர ஆகமங்கள் என்ற வழிபாட்டு நூல்கள் சொல்லியிருக்கின்றன. ஆனுகூல்ய சங்கல்பம், பிராதிகூல்ய வர்ஜனம், கார்ப்பண்யம், மகாவிசுவாசம், கோப்த்ருத்வ வரணம், ஆத்ம நிக்ஷேபம். பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். இறைவனுக்கு உகந்ததைச் செய்வேன், உகவாததை விடுவேன், என்னிடம் வேறு கதி இல்லை, நீ காப்பாய் என்று உறுதியாக நம்புகிறேன், காப்பாற்று என்று கேட்கிறேன், என்னையே உன்னிடம் ஒப்படைக்கிறேன். இவ்வளவுதான். ஒரு சாமானியன் தன் வீட்டுக் கவலையோடு இந்தப் பாதையில் நடப்பது எப்படி என்று பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மரபுப்படி பிரபத்தி என்பது மோட்சத்துக்காக வாழ்நாளில் ஒரே ஒருமுறை செய்வது. வேலை கிடைக்கவும் வீட்டுக்கடன் அடையவும் அதைத் திரும்பத் திரும்பச் செய்யும் வழக்கம் இல்லை. ஆனால் அந்த ஆறு அங்கங்களும் பழகக்கூடிய மனநிலைகள். ஆயுளின் பெரிய பாரத்தை ஒப்படைத்தவன், அடுத்த மாதப் பாரத்தை மட்டும் தானே சுமந்துகொண்டு அலைவது வேடிக்கையாக இல்லையா? அன்றாடப் பழக்கம் தேவைப்படுவது அந்த இடத்தில்தான்.

படி 1: கவலைக்குப் பெயர் வையுங்கள்

பெயரில்லாத கவலையை யாரிடமும் ஒப்படைக்க முடியாது. 'குடும்பம் நல்லா இருக்கணும்' என்பது நல்ல எண்ணம், ஆனால் அதில் இறக்கி வைக்க ஒன்றும் இல்லை. ஒரு தாளில் எழுதுங்கள். 'அப்பாவின் ஸ்கேன் ரிப்போர்ட் வியாழக்கிழமை வருகிறது. கட்டி என்று வந்துவிடுமோ என்று பயப்படுகிறேன். அறுவைச் சிகிச்சைக்குப் பணம் இல்லை.' இப்படி எழுதியவுடனே ஒரே மூட்டையாகத் தெரிந்தது மூன்றாகப் பிரிந்துவிடும்: ஒரு தேதி, ஒரு பயம், ஒரு பணக்கணக்கு.

இனி ஒவ்வொன்றுக்கும் எதிரே, இன்று நீங்கள் செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்று குறியுங்கள். பணக்கணக்குக்கு உண்டு. காப்பீட்டு அட்டையைத் தேடி எடுக்கலாம், தம்பியிடம் பேசலாம். ரிப்போர்ட்டில் என்ன வரும் என்பதற்கு எதிரே எழுத எதுவும் இருக்காது. அந்தக் காலி இடம்தான் ஒப்படைக்க வேண்டியது.

படி 2: ஒன்றைத் தொடங்குங்கள், ஒன்றை நிறுத்துங்கள்

முதல் இரண்டு அங்கங்களையும் சேர்த்தே பார்த்துவிடலாம், அதிகம் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் ஒப்படைக்கும் விஷயத்திலேயே இறைவனுக்கு உகவாத ஒன்றைச் செய்துகொண்டிருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். பங்காளியின் கையெழுத்தைப் போலியாகப் போட்டுவிட்டு நிலவழக்கு ஜெயிக்க வேண்டும் என்று துளசி மாலை சாத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குச் சரணாகதி என்று பெயரில்லை, கூட்டுச்சதிக்கு ஆள் சேர்ப்பது. நிறுத்திய இடத்தில் சிறிதாக ஒரு நல்லதைத் தொடங்குங்கள். பேச்சு வார்த்தை அறுந்துபோன அண்ணனுக்கு ஒரு போன் செய்தாலும் போதும்.

படி 3: 'என்னால் ஆகாது' என்று ஒப்புக்கொள்ளுங்கள்

கார்ப்பண்யம். கெட்டிக்காரர்களுக்கு மிகவும் கடினமான படி இது.

உபன்யாசங்களில் திரௌபதியின் கதையை இதற்காகவே சொல்வார்கள். ஒரு கையால் புடவையைப் பற்றிக்கொண்டு மறுகையை உயர்த்திக் கூப்பிட்டவரை ஒன்றும் நடக்கவில்லை, இரு கைகளையும் விட்ட பிறகுதான் புடவை வளர்ந்தது என்று. கஜேந்திரனும் தன் பலம் தீரும்வரை முதலையோடு இழுபறி நடத்திய பிறகே ஆதிமூலமே என்று அழைத்தான். இவற்றைவிட எனக்குப் பிடித்தது, பலிக்காமல் போன ஒரு சரணாகதி. இலங்கைக்குப் போக வழி வேண்டி, விபீஷணன் சொன்னபடி ராமன் கடலரசனைச் சரணடைந்தான். தர்ப்பையைப் பரப்பி மூன்று இரவுகள் கிடந்தான். கடல் அசையவில்லை. பிறகு கோபத்தோடு வில்லை எடுத்ததும் கடலரசன் ஓடிவந்தான். பெரியவர்கள் இதற்குக் காரணம் சொல்வார்கள்: சரணாகதி கதியற்றவனுக்கு உரியது, ராமனோ சர்வ வல்லமை உள்ளவன். கையில் வில்லை வைத்திருப்பவனுக்குச் சரணாகதி பொருந்தவில்லை.

நம் கையில் என்ன வில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். 'நம்ம செல்வாக்குக்கு இது நடக்காதா', 'மேலிடத்தில் ஆள் இருக்கிறது', 'நான் இதுவரை எதிலும் தோற்றதில்லை'. இவை உள்ளே இருக்கும்வரை கும்பிடும் கை கும்பிட்டுக்கொண்டிருக்கும், மனம் வில்லைத் தடவிக்கொண்டிருக்கும்.

செய்முறை எளிது. தனியாக உட்காருங்கள். படி 1-இல் காலியாக விட்ட வரியைக் குரல் விட்டுப் படியுங்கள். 'இதில் என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை' என்று காதில் விழும்படி சொல்லுங்கள். மனத்துக்குள் சொன்னால் மனம் உடனே 'ஆனால்' என்று ஒன்றைச் சேர்த்துவிடும். வாயால் சொன்னால் அந்த 'ஆனால்' சற்றுத் தயங்கும். அழுகை வந்தால் வரட்டும். தன்னிரக்கத்தில் மட்டும் வழுக்கி விழ வேண்டாம். 'நான் ஒன்றுக்கும் ஆகாதவன்' என்பது வேறு, 'இந்த விஷயம் என் கைக்கு மேற்பட்டது' என்பது வேறு. இங்கே வேண்டியது இரண்டாவது.

படி 4: இரண்டாவது கயிற்றைக் கட்டாதீர்கள்

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அசோகவனத்தில் அனுமன் மீது இந்திரஜித் பிரம்மாஸ்திரத்தை ஏவினான். அனுமனும் அதற்குக் கட்டுப்பட்டுக் கிடந்தான். அருகில் வந்த அரக்கர்களுக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. சணல் கயிற்றையும் மரப்பட்டையையும் கொண்டுவந்து மேலே இறுக்கிக் கட்டினார்கள். வேறு கட்டைப் பொறுக்காத பிரம்மாஸ்திரம் அந்தக் கணமே நழுவிவிட்டது. இந்திரஜித் ஒருவனுக்குத்தான் நடந்தது புரிந்தது. அனுமன் ராவணனைப் பார்க்க விரும்பியதால் கட்டுண்டவன்போல் பேசாமல் போனான். மகாவிசுவாசம் என்றால் என்ன என்று விளக்க வைணவ ஆசாரியர்கள் எடுக்கும் உதாரணம் இது. சரணாகதி வேறொன்றின் துணையைப் பொறுக்காது.

உறவினர் ஒருவர் தம் மகளின் திருமணத்துக்காகக் குலதெய்வத்திடம் வேண்டிக்கொண்டார். 'இனி அவன் பொறுப்பு' என்றார். அடுத்த வாரம் மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் எழுதிய ஒரு பட்டியலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஒரு ஜோசியர் சொன்ன ஐந்து பரிகாரத் தலங்கள். அடுத்த மாதம் அதே ரசீதின் ஓரத்தில் வேறு மசியில் இன்னும் மூன்று. இரண்டாவது ஜோசியர், முதல் ஜோசியரின் பட்டியல் தவறு என்று சொன்னதாக அவரே சொன்னார். தாள் மடிப்பில் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டியிருந்தது. அந்தக் கோயில்கள் ஒவ்வொன்றும் போய் வணங்கத்தக்கவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் போனது வணங்க அல்ல. முன்பு வேண்டிக்கொண்டது போதாது என்ற பயம் அவரை ஊர் ஊராக ஓட்டியது. ரசீதில் இருந்தவை எல்லாம் சணல் கயிறுகள்.

அப்படியானால் டாக்டரிடம் போவதும் கயிறா? வேலைக்கு விண்ணப்பம் போடுவது? ஹெல்மெட்? இல்லை. இந்தக் குழப்பத்தில்தான் பலர் ஒன்று சோம்பேறி ஆகிறார்கள், இல்லையென்றால் நம்பிக்கையையே கைவிடுகிறார்கள். உடம்பைக் காப்பது கடமை, பிள்ளைகளுக்குச் சோறு போடுவது கடமை. கடமையைச் செய்வது அவன் இட்ட பணியைச் செய்வது, அதாவது கைங்கர்யம். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் இருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினியாரின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், பெருமழையில் ஏரிக்கரை உடையாமல் நின்றால் தாயார் சந்நிதியைக் கட்டித்தருவதாகச் சொன்னதாகவும், இரவில் கரையில் வில்லேந்திய இருவர் காவல் நிற்பதைக் கண்டதாகவும் தலவரலாறு சொல்கிறது. ஜனகவல்லித் தாயார் சந்நிதியில் அவர் பெயரோடு கல்வெட்டு இன்றும் இருக்கிறது. ராமர் காத்தார் என்பதற்காக அந்தக் கரைக்கு மண் போடுவதை யாராவது நிறுத்திவிட்டார்களா? மதகு பழுதானால் இன்றும் பழுதுபார்க்கத்தான் செய்கிறார்கள். ராமர் காப்பார், நாம் மண் போடுவோம்.

கயிறா கடமையா என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த உரைகல் ஒன்று உண்டு. அந்தக் காரியத்தை முடித்த பின் மனம் அடங்குகிறதா, அடுத்ததைத் தேடுகிறதா? டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கி வந்தால் ஒரு வேலை முடிந்தது. அதே ரிப்போர்ட்டை நான்காவது டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போய், நடுவே இணையத்தில் நள்ளிரவு வரை நோயின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தால், கையில் இருப்பது கயிறு என்று தெரிந்துகொள்ளுங்கள். அவிழ்க்க வேண்டியது எது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இன்னொன்று. நம்பிக்கை பொங்கி வந்த பிறகு ஒப்படைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். மகாவிசுவாசம் என்பது நெஞ்சு சிலிர்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். பயம் இருக்கும்போதே இரண்டாவது கயிற்றைக் கையில் எடுக்காமல் இருப்பதுதான் அது. நடுக்கம் நிற்கப் பல நாட்கள் ஆகலாம்.

படி 5: வாய்விட்டுக் கேளுங்கள்

அவனுக்குத் தெரியாதா, கேட்க வேறு வேண்டுமா என்று தோன்றும். தெரியும். ஆனாலும் கேட்கும்வரை காத்திருக்கிறான் என்பதே மரபின் கொள்கை. விருப்பமில்லாதவன் மீது காப்பைத் திணிப்பதில்லை. அதனால்தான் 'காப்பாற்று' என்று கேட்பதையும் தனி அங்கமாக வைத்தார்கள்.

கோயிலில் முதலில் தாயார் சந்நிதியைச் சேவித்துவிட்டுப் பெருமாளிடம் போகும் வழக்கத்தைக் கவனித்திருப்பீர்கள். பிராட்டியின் சிபாரிசுக்குப் புருஷகாரம் என்று பெயர். நம் குற்றங்களைக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்று அவள் அவனிடம் எடுத்துச் சொல்வாள். ராமானுஜர் திருவரங்கத்தில் பங்குனி உத்திரத்தன்று சரணாகதி செய்தபோதும் தாயாரை முன்னிட்டே செய்தார். இன்றும் அந்த நாளில் அங்கே தாயாரும் உற்சவரான நம்பெருமாளும் சேர்த்தியாக, அதாவது ஒன்றாக, எழுந்தருள்கிறார்கள். உங்கள் வீட்டுப் பூஜை அறையிலும் அதே வரிசையில் கேட்கலாம். வடமொழி சுலோகம் தெரியாவிட்டால் பாதகமில்லை. 'தாயே, இந்த ரிப்போர்ட் விஷயத்தை அவரிடம் சொல்லு' என்பதும் பிரார்த்தனைதான்.

படி 6: ஒப்படைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்

ஒப்படைத்த பிறகு வேலை செய்யும் முறைக்கு சாத்துவிக தியாகம் என்று பெயர். எந்தக் காரியத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மூன்றை விடுவது: இதைச் செய்பவன் நான் என்ற எண்ணம், இது என்னுடையது என்ற எண்ணம், இதன் பலன் எனக்கு என்ற எண்ணம். சந்தியாவந்தனம் போன்ற வைதிகக் கருமங்களில் இதை மந்திரமாகவே சொல்வார்கள். கடையைத் திறக்கும்போதும், வகுப்பறையில் நுழையும்போதும், அடுப்பைப் பற்றவைக்கும்போதும் தமிழில் ஒரு வரி சொல்லலாம்: 'உன் வேலையை, உன் பொருளை வைத்து, உனக்காகச் செய்கிறேன்.' மாலையில் கதவைப் பூட்டும்போது: 'செய்தாயிற்று, உன்னுடையது.'

காலையில் கைபேசியைத் தொடும் முன் ஒருமுறை, இரவில் அதை வைத்த பின் ஒருமுறை சொல்லிப் பழகினால் போதும். நாள் முழுவதும் இறைவனையே நினைத்துக்கொண்டிருப்பேன் என்று தொடங்குகிறவர்கள் இரண்டு நாட்களில் அலுத்துவிடுவார்கள்.

பழைய வைணவர்கள் பிரபத்தி செய்தவனைப் பற்றி 'மார்பிலே கைவைத்து உறங்கலாம்' என்பார்கள். பாரம் இறங்கியவன் அப்படித்தான் தூங்குவான். உங்களுக்கு முதல் இரவே அந்தத் தூக்கம் வராது. விழிப்பு வந்தால் படி 1-இன் தாளை எடுத்து, புதிதாகச் செய்யக்கூடியது ஏதாவது தோன்றியிருக்கிறதா என்று பாருங்கள். தோன்றியிருந்தால் காலையில் செய்யக் குறித்துவையுங்கள். இல்லையென்றால் தாளைச் சுவாமி படத்தின் கீழே வைத்துவிட்டு வந்து படுங்கள். மறுபடியும் ஒப்படைக்க வேண்டாம். ஒருமுறை கொடுத்ததை மீண்டும் மீண்டும் கொடுப்பது, கொடுத்ததில் சந்தேகம் என்று ஆகிவிடும்.

படி 7: வழிகாட்டுதல் எந்த வழியாக வரும்

சரி, ஒப்படைத்தாகிவிட்டது. எந்த வேலையை ஏற்பது, எந்த ஊருக்குப் போவது என்பதை அவன் எப்படிச் சொல்வான்? அசரீரி கேட்குமா?

ராமானுஜருக்கே நேரடியாகக் கேட்கவில்லை. காஞ்சிபுரத்தில் இருந்த இளம்வயதில் அவர் மனத்தில் சில ஐயங்கள் இருந்தன. வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் கைங்கர்யம் செய்துவந்த திருக்கச்சி நம்பிகளிடம் போய், பெருமாளிடம் கேட்டுச் சொல்லும்படி வேண்டினார். நம்பிகள் ஆறு வார்த்தைகளோடு திரும்பினார். பரதத்துவம் (எல்லாவற்றுக்கும் மேலான பொருள்) நாமே, ஆத்மாவும் இறைவனும் வேறு, பிரபத்தியே உபாயம், அந்திம காலத்தில் நினைக்காவிட்டாலும் குறையில்லை, உடல் முடிவில் மோட்சம், பெரிய நம்பியை ஆசாரியனாகக் கொள்வாய். முதல் ஐந்தும் கொள்கை. ஆறாவது ஒரு மனிதரின் பெயர். ராமானுஜர் அதைக் கேட்டவுடன் திருவரங்கத்துக்குக் கிளம்பினார். பெரிய நம்பியோ அவரைத் தேடிக் காஞ்சிக்கு வந்துகொண்டிருந்தார். இருவரும் மதுராந்தகத்தில், அதே ஏரி காத்த ராமர் கோயிலில் சந்தித்தார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: நமக்கான பதில் பெரும்பாலும் இன்னொருவர் வாய்வழியாகத்தான் வரும். அந்த இன்னொருவர் நம்மால் லாபம் அடையாதவராக, கைங்கர்ய புத்தி உள்ளவராக இருக்க வேண்டும். முடிவு எடுக்கும் முன் அப்படி ஒருவரிடம், வீட்டில் ஒரு பாட்டியாகவும் இருக்கலாம், முழுக்கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், உங்கள் முன் இருக்கும் வழிகளில் தர்மத்துக்கு விரோதமானதைத் தள்ளிவிடுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் நம்மை அலைக்கழிக்கும் பல கேள்விகளில் விடை முன்பே தெரியும், பிடிக்கவில்லை அவ்வளவுதான். எஞ்சியவற்றில் அடுத்த ஓர் அடி மட்டும் தெரிந்தால் எடுத்து வையுங்கள். மதுராந்தகத்தில் யார் வருவார் என்று தெரிந்துகொண்டு ராமானுஜர் கிளம்பவில்லை.

பூக்கட்டிப் பார்ப்பது, திருவுளச்சீட்டுப் போடுவது பற்றியும் கேட்பார்கள். இரு வழிகளும் நல்லவை, யோசித்தும் தராசு சமமாக நிற்கிறது என்றால் போட்டுப் பார்க்கலாம், தவறில்லை. வெள்ளைப்பூ வந்தது பிடிக்காமல், 'சரியாகக் குலுக்கவில்லை' என்று மறுபடி குலுக்குவதாக இருந்தால் போடாமலே இருங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

படி 8: கேட்டது கிடைக்காதபோது

ரிப்போர்ட்டில் பயந்ததே வந்துவிட்டது. வேலை வேறொருவனுக்குப் போய்விட்டது. இந்த இடத்தில் பல வழிகாட்டிகள் 'இதைவிடச் சிறந்தது வரப்போகிறது' என்று ஆறுதல் சொல்லும். அப்படி வாக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

ராமானுஜரின் சீடரான கூரத்தாழ்வானின் கதையை மட்டும் சொல்கிறேன். சோழ அரசனின் ஆட்கள் ராமானுஜரைத் தேடி வந்தபோது, ஆழ்வான் காஷாயம் உடுத்தி அவராகத் தம்மைக் காட்டிக்கொண்டு அரசவைக்குப் போனார். கூடவே முதியவரான பெரிய நம்பியும் போனார். ஆழ்வானின் சீடனாக இருந்த நாலூரானே அங்கே அரசனுக்குத் துணை நின்றான். ஆழ்வான் கண்களை இழந்தார், பெரிய நம்பி உயிரை இழந்தார். ராமானுஜர் கர்நாடகத்தில் உள்ள மேல்கோட்டைப் பக்கம் போய்ப் பல ஆண்டுகள் இருக்க நேர்ந்தது. திரும்பி வந்த பிறகு அவர் ஆழ்வானைக் காஞ்சிக்கு அனுப்பி, வரதனிடம் கண்ணைக் கேட்கச் சொன்னார். ஆழ்வான் போய்த் துதித்தார். என்ன வேண்டும் என்று பெருமாள் கேட்டபோது, நான் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்றார்.

நமக்கு அந்த நிலை வராது, வர வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை. ஆனால் சரணடைந்தவர்களுக்குத் துன்பம் வராது என்ற பேச்சை இந்தக் கதை அடியோடு சாய்த்துவிடுகிறது. அவர்களைவிட யார் சரணடைந்துவிட்டார்கள்? ஆகவே, 'என் நம்பிக்கை போதவில்லை, அதனால்தான் இப்படி ஆயிற்று' என்று உங்களை நீங்களே அடித்துக்கொள்ளாதீர்கள், துக்கத்தில் இருக்கும் இன்னொருவரிடமும் அதைச் சொல்லிவிடாதீர்கள். அழுங்கள். பெருமாளோடு சண்டை போடுங்கள், ஆழ்வார்களும் ஊடியிருக்கிறார்கள். பிறகு புதிய தாளில், புதிய நிலைமைக்குப் பெயர் வைத்துப் படி 1-இலிருந்து தொடங்குங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய்விட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது கயிறு அல்ல, கரைக்கு மண் போடுவது.

முறைப்படி செய்ய விரும்பினால்

இதுவரை சொன்னதை யாரும் வீட்டிலிருந்தே பழகலாம். மோட்சத்துக்கான சரணாகதியை முறைப்படி செய்துகொள்ள விரும்பினால் ஓர் ஆசாரியனை அணுக வேண்டும். முதல் கட்டம் பஞ்ச சம்ஸ்காரம். தோள்களில் சங்கு சக்கர முத்திரை, திருமண்காப்பு (நாமம் இடுதல்), தாஸ்ய நாமம் (அடியான் என்ற பெயர்), மந்திர உபதேசம், திருவாராதனம் (பூஜை முறை) என்று ஐந்து. வடகலை, தென்கலை என்ற வைணவத்தின் இரு பிரிவுகளில், வடகலை மரபில் இதற்குப் பின் பரசமர்ப்பணம், அதாவது பாரத்தை ஒப்படைப்பது, தனியாக நடக்கும். அகோபில மடம், ஸ்ரீமத் ஆண்டவன் ஆசிரமம் போன்றவற்றில் விசாரிக்கலாம். தென்கலையில் நாங்குநேரி வானமாமலை மடம் போன்ற மடங்களும் ஆசாரிய வம்சத்தாரின் இல்லங்களான திருமாளிகைகளும் இருக்கின்றன. குட்டி தாயைப் பற்ற வேண்டுமா, தாயே குட்டியைக் கவ்விக்கொள்வாளா என்று குரங்கையும் பூனையையும் வைத்து இரு கலையாரும் நூற்றாண்டுகளாக வாதிடுகிறார்கள். சுவையான வாதம், ஆனால் முதல் நாளே அதில் இறங்க வேண்டாம். உங்கள் குடும்பத்துக்கு ஆசாரியன் திருமாளிகை எது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் ஊரில் உள்ள பெருமாள் கோயில் பட்டாச்சாரியாரைக் கேட்டால் வழி சொல்வார். போகும் முன், நாள், உடுத்த வேண்டிய வேஷ்டி புடவை முறை, அன்று உண்ணாமல் இருக்க வேண்டுமா, அதன்பின் அன்றாடம் கடைப்பிடிக்க வேண்டியவை என்ன என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்கான பதில் உங்களால் முடியக்கூடியதா என்று வீட்டில் கலந்து பேசிய பிறகு நாள் குறிக்கலாம்.